ஒரே ஒரு ஆள் ஒரு ராணுவத் தளத்தைக் காப்பாற்ற முடியுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் பார்த்திருக்கிறீர்கள். நடுக்கடலில் ஒரு ஏவுகணைத் தடுப்புத் தளம். ஊழியர் வேஷத்தில் உள்ளே வந்த கும்பல் கிட்டத்தட்ட எல்லாரையும் கொன்றுவிடுகிறது. மிஞ்சிய ஒரு பெண் கேப்டன் கட்டுப்பாட்டு அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறார். வெளியே கதவை அறுக்கிறார்கள், இன்னொரு பக்கம் அணு ஏவுகணைகள் கிளம்பத் தயாராக இருக்கின்றன. அப்படி ஒரு தளம் உண்மையில் இருக்கிறதா, அதைப் பிடித்துவிட்டால் ஒரு நாடே கையறுநிலைக்குப் போய்விடுமா, தனி ஆளாக ஒருவர் அதைக் காக்க முடியுமா, அந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் இயந்திரங்களைப் பற்றியவை. பின் இரண்டும் மனுஷரைப் பற்றியவை. எனக்குச் சொல்ல நிறைய இருப்பது மனுஷரைப் பற்றித்தான்.

இருபது வருஷத்துக்கு மேல் சீருடையில் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் முகாம் பாதுகாப்புப் பணி. காவல் சாவடிகளுக்கு ஆள் போடுவது, இரவு ரோந்து, ஊடுருவல் பயிற்சிகளில் சில சமயம் காவலாளியாகவும் சில சமயம் எதிரியாகவும் நிற்பது, இதெல்லாம் எனக்குத் தெரிந்த வேலை. ஏவுகணைத் தடுப்புப் பிரிவில் நான் வேலை பார்த்ததில்லை. அதனால் அந்தப் பகுதியில் நான் சொல்வது பொதுவெளியில் பதிவான விஷயங்கள் மட்டும்தான்.

முதலில் அந்தத் தளத்தைப் பார்ப்போம். கடலில் மிதக்கும் அப்படி ஒரு பெரிய மேடை அமெரிக்காவிடம் உண்மையிலேயே இருக்கிறது. எண்ணெய்த் துரப்பண மேடை மாதிரி பாதி மூழ்கி நிற்கும் அமைப்பு, அதன் மேல் வெள்ளைப் பந்து போல ஒரு பிரம்மாண்டமான கூடு. அடியிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 85 மீட்டர் உயரம். பெயர் எஸ்பிஎக்ஸ். 2006 ஜனவரியில் ஹவாயின் பேர்ல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் பந்துக்குள் இருப்பது ரேடார் மட்டும்தான். பறந்து வரும் ஏவுகணையின் முனையையும் அதோடு கூடவே வரும் போலிகளையும் பிரித்துப் பார்ப்பதுதான் அதன் வேலை. அந்த மேடையில் ஏவுவதற்கு ஒரு ஏவுகணை கூடக் கிடையாது. இடைமறிக்கும் ஏவுகணைகள் தரையில், நிலத்தடிக் குழிகளில் இருக்கின்றன. அலாஸ்காவில் உள்ள ஃபோர்ட் கிரீலியில் 40, கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க்கில் 4, ஆக 44 என்பதுதான் வெகுகாலமாக வெளியில் சொல்லப்பட்டு வரும் கணக்கு. ரேடாரையும் ஏவுகணையையும் ஒரே மேடையில் சேர்த்து வைத்ததுதான் சினிமாவின் கற்பனை. கதைக்கு அது தேவை, இல்லாவிட்டால் கதாநாயகிக்குக் காப்பாற்ற எதுவும் இருக்காது.

அடுத்தது, அந்த அறையைப் பிடித்தால் எல்லாம் முடிந்ததா என்பது. இங்கே படம் நிறையவே விலகிப் போகிறது. அந்த 44 ஏவுகணைகளை இயக்கும் உரிமை ஒரே ஒரு அறையில் இல்லை. ஃபோர்ட் கிரீலியில் ஒரு குழு, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி கொலராடோவில் இன்னொரு குழு என்று இரண்டு இடங்களில் இரவு பகலாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு இடம் விழுந்தாலும் இன்னொன்று வேலை செய்யவேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இன்னொரு முக்கியமான விஷயம், இந்த ஏற்பாடே வட கொரியா போன்ற நாட்டிலிருந்து வரக்கூடிய ஒன்றிரண்டு ஏவுகணைகளை மனதில் வைத்து அமைத்தது. ரஷ்யா மாதிரி ஒரு நாடு மொத்தமாக ஏவினால் அதைத் தடுக்க இதனால் முடியாது என்பதை அமெரிக்க அரசே மறைத்ததில்லை. அங்கே அவர்கள் நம்புவது 'நீ அடித்தால் நானும் அடிப்பேன்' என்ற அச்சத்தைத்தான். வரும் ஒரு ஏவுகணைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடைமறிப்பான்களை அனுப்புவதுதான் திட்டம் என்பதால், 44 என்ற எண்ணும் பார்ப்பதற்குத் தோன்றுகிற அளவுக்குப் பெரியதில்லை. 1999-லிருந்து நடந்த இடைமறிப்புச் சோதனைகளில் ஏறத்தாழ பாதிக்குச் சற்று மேல்தான் வெற்றி. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ரகத்தில் ஒரு இலக்கை முதன்முதலில் அடித்ததே 2017 மே மாதத்தில்தான்.

அதே சமயம் படம் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அந்தக் கடிகாரம். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை கிளம்பியதிலிருந்து விழும் வரை ஏறத்தாழ அரை மணி நேரம். உச்ச வேகம் விநாடிக்கு 7 கிலோமீட்டர் அளவுக்குப் போகும். தொடக்கத்தில் மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம் என்ஜின் எரியும். அப்புறம் இருபது நிமிஷம் அளவுக்கு விண்வெளியில் கல் எறிந்த மாதிரி மிதந்து போகும். இடைமறிப்பு அந்த இருபது நிமிஷத்துக்குள் நடந்தாக வேண்டும். வெடிமருந்து எதுவும் இல்லாமல், நேருக்கு நேர் மோதியே உடைக்கிறார்கள். ஆகவே 'இன்னும் இத்தனை நிமிஷம்தான்' என்று திரையில் எண்கள் ஓடுவது மிகையில்லை. சரி, இயந்திரங்களைப் பற்றி இவ்வளவு போதும்.

இனி மனுஷர். தளத்தைக் காப்பது என்றால் எதிரிகளை எண்ணி எண்ணிச் சுடுவது என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். படங்களும் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே வேறு. வேலி, கதவு, பூட்டு எதுவும் யாரையும் நிறுத்தாது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வேலியை வெட்ட ஒரு நிமிஷம், திறந்தவெளியைக் கடக்க ஒரு நிமிஷம், இரும்புக் கதவை அறுக்க ஒரு இருபது நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரி உள்ளே வந்தது தெரிந்த நொடியிலிருந்து உதவிப் படை வந்து சேரும் வரை எவ்வளவு நேரமோ, அதைவிட அந்தத் தாமதங்களின் கூட்டுத்தொகை அதிகமாக இருக்கவேண்டும். இருந்தால் தளம் பிழைக்கும். இல்லாவிட்டால் உள்ளே எத்தனை வீரன் இருந்தாலும் பிழைக்காது. காவலாளி நிற்பதும் அந்தத் தாமதக் கணக்கில் சில நிமிஷங்களைச் சேர்ப்பதற்காகத்தான். அந்தக் கேப்டன் கதவைப் பூட்டியது எல்லாச் சண்டைக் காட்சிகளையும் விடப் பெரிய செயல் என்று நான் சொல்வது இதனால்தான். அது ஒரு நொடியில் முடிந்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை.

நடுக்கடலில் அந்தக் கணக்கு மோசமாக இருக்கும். பக்கத்துப் படைமுகாமிலிருந்து பத்து நிமிஷத்தில் வண்டி வந்துவிடும் என்ற பேச்சே அங்கே இல்லை. கப்பலோ ஹெலிகாப்டரோதான், அதுவும் மணிக்கணக்கில். 'உதவி வர ஒன்றரை மணி நேரம்' என்று கதை வைத்திருப்பது நியாயமான கற்பனைதான். ஆனால் ஒன்றரை மணி நேரம் ஒரே கதவைத் தனி ஆள் காப்பது என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். கட்டுப்பாட்டு அறை மாதிரி ஒரு கான்கிரீட் அறை. உள்ளே நான் மட்டும். வெளியே ஆறு பேர் எதிரிகள், எல்லாம் வெற்றுத் தோட்டா. மூலையில் நடுவர் ஸ்டாப்வாட்ச்சுடன் நிற்கிறார். கதவு நல்ல கதவு, எனக்கு நம்பிக்கை இருந்தது. துப்பாக்கியைக் கதவை நோக்கிப் பிடித்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் மண்டியிட்டேன். நான்காவது நிமிஷத்தில் மேஜை மேல் இருந்த தொலைபேசி அடித்தது. அதை எடுக்க ஒரு கை வேண்டும். எடுத்தேன். மறுமுனையில் எதிரிகள் எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல கேமராத் திரையைப் பார்க்கவேண்டும், திரை எனக்கு இடது பக்கம். கண் திரையில், காது தொலைபேசியில், துப்பாக்கி ஒற்றைக் கையில், கதவைப் பார்க்க யாருமில்லை. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு சமாளித்தேன். ஒன்பதாவது நிமிஷத்தில் முதுகுக்குப் பின்னால் யாரோ மெதுவாகச் செருமினார்கள். கேபிள்கள் போகிற தரைப் பாதையின் மூடியைத் தூக்கிக்கொண்டு, ஒல்லியான ஒரு பையன் இடுப்பு வரை வெளியே வந்திருந்தான். நடுவர் வாட்ச்சை நிறுத்தினார். கதவில் ஒரு கீறல் கூட இல்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். தனி ஆளுக்குத் தைரியம் போதாமல் போவதில்லை, கண்ணும் கையும்தான் போதாமல் போகின்றன. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கதவு, ஒருவர் தொடர்பு. மூன்று பேர் இருந்தால் ஒருவர் முதுகைப் பார்ப்பார். ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போகும்போது பலம் மூன்று மடங்கு ஆவதில்லை, அதைவிடப் பல மடங்கு ஆகிறது. தாக்குகிறவனுக்குக் காப்பவனைப்போல் மூன்று மடங்கு ஆள் வேண்டும் என்று எல்லா ராணுவங்களிலும் ஒரு பழைய கணக்கு உண்டு. அந்தக் கணக்கு ஒழுங்காக அமைந்த ஒரு அணிக்குத்தான் பொருந்தும். தனியாக நிற்பவருக்கு அது செல்லாது.

அப்படியானால் தனி ஆள் காப்பாற்றியதே இல்லையா? உண்டு. நன்றாகப் பதிவான ஒரு சம்பவம் சொல்கிறேன். 2010 செப்டம்பர் 17, ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணம். பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா படையைச் சேர்ந்த தீப்பிரசாத் புன் ஒரு சோதனைச் சாவடியில் காவலில் இருந்தார். வாசல் பக்கம் ஏதோ சத்தம். முதலில் மாடோ என்னவோ என்று நினைத்தாராம். போய்ப் பார்த்தால் வாசலில் குண்டு புதைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரேடியோவையும் கிடைத்த ஆயுதங்களையும் எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறினார். சுற்றிலும் இருந்து ராக்கெட்டும் துப்பாக்கிக் குண்டும் வந்தன. கால் மணி நேரம் அளவுக்கு நடந்த அந்தச் சண்டையில் 400-க்கும் மேற்பட்ட தோட்டாக்கள், 17 கையெறி குண்டுகள், ஒரு கிளேமோர் கண்ணிவெடி வரை எல்லாவற்றையும் பயன்படுத்தினார். சுவரேறி வந்த ஒருவனைச் சுடப் போனபோது துப்பாக்கி வேலை செய்யவில்லை. இயந்திரத் துப்பாக்கியின் முக்காலியைத் தூக்கி அடித்துக் கீழே தள்ளினார். வந்தவர்கள் பன்னிரண்டு பேர் முதல் முப்பது பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். இருட்டில் யாரும் எண்ணியிருக்க முடியாது. அவருக்கு உயரிய வீரப் பதக்கம் கிடைத்தது.

இதைப் படித்தால் எந்தப் படத்தையும் விடப் பெரிய படமாகத் தெரியும். கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். கால் மணி நேரத்துக்கு 400 தோட்டா. அதே வேகத்தில் ஒன்றரை மணி நேரம் என்றால் 2,400. ஒரு மேகசினுக்கு 30 என்றால் 80 மேகசின். அந்த எடையைச் சுமந்துகொண்டு சண்டை போடுவது மிகக் கடினம். அந்தச் சாவடியில் தோட்டாக்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தன, கூரை உயரத்தில் இருந்தது, எதிரிகள் கீழே இருந்தார்கள். இத்தனையும் அவருக்குச் சாதகமாக இருந்தும் ஒரு கட்டத்தில் கையில் மிஞ்சியது முக்காலி. தனி ஆளால் முடியும் என்பதற்கும், எவ்வளவு நேரம் முடியும் என்பதற்கும் இந்த ஒரே சம்பவம் சாட்சி.

இன்னொன்று 1945 ஜனவரி 26, பிரான்சின் ஹோல்ட்ஸ்விர் கிராமத்தருகே. ஆடி மர்ஃபி என்ற அமெரிக்க இளம் அதிகாரி தன் ஆட்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் முன்னால் நின்றார். தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்த ஒரு கவச வண்டியின் மேல் ஏறி, அதில் இருந்த இயந்திரத் துப்பாக்கியால் ஒரு மணி நேரம் அளவுக்குச் சுட்டார். எல்லாரும் அந்த வண்டியைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். நான் பயிற்சியில் பிள்ளைகளுக்குச் சொல்வது அவர் கையில் இருந்த தொலைபேசியை. பின்னால் இருந்த பீரங்கிப் படைக்கு எங்கே அடிக்கவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சுட்டதில் விழுந்தவர்கள் போக, தாக்குதலின் முதுகெலும்பை உடைத்தது அந்தத் தொலைபேசிக் கம்பி. தனியாக நின்றார் என்று சொல்கிறோம், ஆனால் அவர் பின்னால் ஒரு பீரங்கிப் படையே பேசிக்கொண்டிருந்தது.

இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பகுதியில் உள்ள சாராகட்டியிலும் இதுதான் நடந்தது. 1897 செப்டம்பர் 12. இரண்டு கோட்டைகளுக்கு நடுவில் ஒன்றையொன்று பார்க்க முடியாததால், இடையில் ஒரு மேட்டில் சமிக்ஞை கொடுப்பதற்காக வைத்த சின்னச் சாவடி அது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் 21 சீக்கிய வீரர்கள். தாக்க வந்த பழங்குடியினர் பல ஆயிரம் பேர். பத்தாயிரம் என்று பரவலாகச் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, கூட்டத்தை எண்ணியவர் யாரும் இல்லை. குர்முக் சிங் என்ற சமிக்ஞையாளர் கண்ணாடியில் வெயிலைத் திருப்பித் திருப்பி, நடப்பதை எல்லாம் கோட்டைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாரும் விழுந்த பிறகு, சமிக்ஞையை நிறுத்திவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். கிடைத்ததும் கருவியைக் கழற்றிப் பையில் வைத்தார். அந்தச் சாவடி விழுந்துவிட்டது. ஆனால் எதிரியின் நாளில் பெரும்பகுதி அங்கேயே கரைந்தது, கோட்டைகள் தப்பித்தன. ஒரு தளத்தைக் காப்பது என்றால் அந்தத் தளத்தையே காப்பாற்றுவது என்று எப்போதும் அர்த்தமில்லை.

விடியும் வரை தாக்குப்பிடிப்பது என்றால் என்ன என்பதற்கு லோங்கேவாலாவைப் பாருங்கள். 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தான் பாலைவனத்தில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியும் ஏறத்தாழ 120 பேரும். எதிரே 40-க்கும் மேற்பட்ட பாகிஸ்தான் டாங்கிகள். ஜெய்சல்மரில் இருந்த ஹண்டர் விமானங்களால் இரவில் சண்டை போட முடியாது. ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றுதான், சூரியன் உதிக்கும் வரை இந்த மேடு நம் கையில் இருக்குமா? இருந்தது. விடிந்ததும் விமானங்கள் வந்தன. பெருமை தரைப்படைக்கா விமானப்படைக்கா என்று இன்றும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒருவர் வாங்கிக் கொடுத்த நேரத்தை இன்னொருவர் செலவு செய்தார்.

'ஒற்றை ஆள்' கதைகளில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 1962 சீனப் போரின்போது, நவம்பரில், இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் நூரானாங்கில் விழுந்த ஜஸ்வந்த் சிங் ராவத் தனியாக 72 மணி நேரம் ஒரு படையையே நிறுத்தினார் என்று கேட்டிருப்பீர்கள். உறுதியாகத் தெரிவது, நவம்பர் 17 அன்று அவரும் திரிலோக் சிங், கோபால் சிங் என்ற இரண்டு தோழர்களும் ஊர்ந்து போய் எதிரியின் ஒரு இயந்திரத் துப்பாக்கியைப் பறிக்கப் போனார்கள் என்பது. அந்தச் சண்டையில் அவரும் திரிலோக் சிங்கும் இறந்தார்கள், கோபால் சிங் காயத்தோடு பிழைத்தார். மகாவீர் சக்கரம் ஜஸ்வந்த் சிங்குக்குக் கிடைத்தது இதற்காக. 72 மணி நேரம் என்பது பின்னால் வளர்ந்த நாட்டார் கதை என்றுதான் நான் கருதுகிறேன். அப்படிச் சொல்வது அவரைக் குறைப்பதாகாது. குண்டு மழையில் ஊர்ந்து போய் இயந்திரத் துப்பாக்கியைக் கையால் பிடிக்கப் போனவருக்கு வேறு கதை தேவையே இல்லை. அந்தக் கதையில் காணாமல் போவது அந்த இரண்டு தோழர்கள்தான், என் மனக்குறை அது.

பெண் அதிகாரி என்பதால் நம்ப முடியவில்லை என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2005 மார்ச் 20, ஈராக்கில் ஒரு வண்டித் தொடரைச் சுற்றி வளைத்துத் தாக்கியபோது, ராணுவக் காவல் பிரிவின் சார்ஜென்ட் லீ ஆன் ஹெஸ்டர் எதிரிகள் பதுங்கியிருந்த வாய்க்காலுக்குள்ளேயே இறங்கிச் சுட்டார். அமெரிக்காவின் வெள்ளி நட்சத்திரப் பதக்கம் பெற்றார். அந்தக் கேப்டனிடம் நம்ப முடியாதது அவர் பெண் என்பதில் இல்லை, தனியாக இருந்தார் என்பதில்தான்.

ஊழியர் வேஷத்தில் உள்ளே வந்தது நடக்குமா என்றால், நடக்கும், நடந்திருக்கிறது. 2012 செப்டம்பர் 14 இரவு ஆப்கானிஸ்தானின் கேம்ப் பாஸ்டியன் தளத்துக்குள் 15 பேர் அமெரிக்க ராணுவச் சீருடையில், வேலியை வெட்டிக்கொண்டு நுழைந்தார்கள். அவ்வளவு பெரிய தளம். காவல் கோபுரங்களில் பாதிக்கு மேல் அன்றிரவு ஆளில்லை என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது. ஆறு ஹாரியர் போர் விமானங்கள் எரிந்து போயின. எதிர்த்து நின்றவர்களில் விமானிகளும் விமானம் பழுதுபார்க்கிற மெக்கானிக்குகளும் இருந்தார்கள். படைப்பிரிவின் தலைவர் கிறிஸ்டோபர் ரேபிள் கைத்துப்பாக்கியோடு தன் ஆட்களிடம் விரைந்தார், அந்தச் சண்டையிலேயே இறந்தார். அடுத்த வருஷம் இரண்டு ஜெனரல்கள் இதற்குப் பொறுப்பாக்கப்பட்டு ஓய்வு பெற வைக்கப்பட்டார்கள். எனக்கு இந்தச் சம்பவம் அடிக்கடி நினைவுக்கு வரும். ஆளில்லாத கோபுரம் என்பது பகலில் பார்த்தால் சாதாரண விஷயம். விடுப்பு, ஆள் பற்றாக்குறை, 'இத்தனை நாள் ஒன்றும் நடக்கவில்லையே' என்று நூறு காரணம் இருக்கும். பட்டியலில் ஒரு கோபுரத்துக்கு நேரே கோடு போட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தவன் நானும்தான். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அறைக்குள் நடக்கும் சண்டையில் படம் மறைக்கிற ஒன்றை மட்டும் சொல்கிறேன், சத்தம். மூடிய இரும்பு அறைக்குள் ரைஃபிள் சுட்டால் 150 டெசிபலைத் தாண்டும். 140-லேயே காது நிரந்தரமாகக் கெடலாம். ஒருமுறை உள்ளரங்குப் பயிற்சியில் என் காதடைப்பான் நழுவியிருந்ததைக் கவனிக்காமல் பக்கத்தில் இருந்தவர் ஒரே ஒரு தடவை சுட்டுவிட்டார். பயிற்சியாளர் என் முகத்துக்கு நேரே நின்று வாயசைத்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே ஒரு விசில் மட்டும். இரண்டு நாள் ஆயிற்று அது அடங்க. முதல் மேகசின் தீர்ந்த பிறகு கதவுக்கு வெளியே நிற்கும் வில்லனோடு அந்தக் கேப்டன் நிதானமாகப் பேசுவது நடக்காது. பேசுவது இருக்கட்டும், வயர்லெஸ்ஸில் உதவிப் படை சொல்வதே காதில் விழாது. விடாமல் சுட்டால் 30 தோட்டா இரண்டு மூன்று விநாடியில் தீர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் ஒவ்வொன்றாகத்தான் சுடுவோம். அப்புறம் நீண்ட மௌனங்கள் இருக்கும். அந்த மௌனங்கள்தான் ஆளை உருக்குலைப்பவை, எந்தப் படமும் அதைக் காட்டத் துணிவதில்லை.

கடைசியாக, நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். கதவை மூடுவேன். உடனே அறையை ஒரு சுற்று சுற்றி வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பேன். காற்றுக்குழாய், கேபிள் பாதை, கூரை எதையும் விடமாட்டேன். அந்த ஒல்லிப் பையனை நான் மறக்கவில்லை. கனமான அலமாரி எதுவோ அதை அந்த மூடியின் மேல் தள்ளுவேன். அப்புறம் தொடர்பு. ஒன்று வேலை செய்யாவிட்டால் இன்னொன்று, கிடைக்கும் வரை. ரத்தம் வந்தால் இறுக்கிக் கட்டுவதற்கு ஒரு பட்டையை எட்டும் இடத்தில் வைப்பேன். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிஷம்தான் கிடைக்கும், கட்டிவிட வேறு கை இருக்காது. தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பேன். கதவை மூடிய நேரத்தைச் சுவரில் எழுதுவேன். தொடர்பு கிடைத்ததும், நான் இருக்கும் நிலையைச் சொல்லி முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன், 'வந்து சேர எவ்வளவு நேரம்?' அவர்கள் சொல்கிற நேரத்தை முதல் எண்ணுக்குக் கீழே எழுதுவேன். இருக்கிற தோட்டாக்களை எண்ணி, நடுவில் உள்ள நிமிஷங்களுக்கு அவற்றைப் பிரித்துத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு, கதவைப் பார்த்து உட்காருவேன்.